தேய்மானத்துக்கு அடங்காத கார்: லம்போர்கினி மியுராவின் கதை



வணிகவியல் படிக்கிறவர்கள் யாரும் தேய்மானத்திடமிருந்து தப்பிக்க முடியாது. ஒரு சொத்தை வாங்குகிறோம். வருடா வருடம் அதன் மதிப்பு குறைகிறது. கடைசியில் எறிமதிப்பு என்று ஏதோ கொஞ்சம் மிஞ்சும். இதற்கு வாத்தியார் சொல்லும் உதாரணம் பெரும்பாலும் கார்தான். ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே விலை இறங்கிவிடும் என்பது காமர்ஸ் படிக்காதவர்களுக்கும் தெரிந்த கணக்கு. 2013 கம்பெனிகள் சட்டம் ஒரு சாதாரண காருக்குக் கொடுக்கும் ஆயுள் 8 வருடம். வருமான வரிக் கணக்கில் நாங்கள் போட்டுப் பழகியது குறைந்து செல் மதிப்பு முறையில் வருடத்துக்கு 15 சதவீதம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 1969-ல் ஒருவர் 20,000 டாலருக்கு ஒரு கார் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். வருடம் 15 சதவீதம் கழித்துக்கொண்டே வந்தால், 50 வருடம் கழித்து 2019-ல் ஏட்டில் அதன் மதிப்பு எவ்வளவு? கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 6 டாலர். நல்ல ஹோட்டலில் இரண்டு பேர் டிபன் சாப்பிடலாம்.

ஆனால் நடந்தது வேறு. 2019 டிசம்பரில் லண்டனில் போனாம்ஸ் ஏல நிறுவனம் 1969-ல் தயாரான ஒரு லம்போர்கினி மியுரா காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. புது பெயின்ட் அடித்து, பாலீஷ் போட்டுக் கொண்டுவந்த கார் இல்லை அது. ஒரு ஜெர்மானியர் 1974-ல் வாங்கி, சாகும்வரை தன்னிடமே வைத்திருந்த கார். நீண்ட காலம் ஓடாமல் நின்றது, யாரும் புதுப்பிக்கவில்லை, தூசியும் அப்படியே. ஏலத்துக்கு முன் சொன்ன உத்தேச விலையை எல்லாம் தாண்டி 12 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அன்றைய மாற்று விகிதத்தில் 11 கோடி ரூபாய்க்கும் அதிகம்!

6 டாலர் எங்கே, 11 கோடி ரூபாய் எங்கே? இந்த வித்தியாசம் எதற்கான விலை? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். எனக்கு இதில் ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டிராக்டர்காரர் செய்த கார்

ஃபெருச்சியோ லம்போர்கினி 1916-ல் வட இத்தாலியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இயந்திரங்களில் கை தேர்ந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இத்தாலியில் விவசாயத்துக்கு டிராக்டர் வேண்டும், ஆனால் வாங்கப் பணம் இல்லை. ராணுவம் விட்டுப்போன வண்டிகளும் உதிரி பாகங்களும் ஏராளமாகக் கிடந்தன. அவற்றை மலிவாக வாங்கி டிராக்டராக மாற்றி விற்க ஆரம்பித்தார். 1948-ல் லம்போர்கினி டிராக்டர் கம்பெனி உருவானது. பிறகு வெப்பமூட்டும் பர்னர்கள், ஏ.சி. என்று தொழில் விரிந்தது. கையில் காசு சேர்ந்ததும் பெரிய மனிதர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஃபெராரி வாங்கினார்.

அந்த ஃபெராரியின் கிளட்ச் தொல்லை கொடுத்தது, அதைச் சொல்லப் போனபோது என்ஸோ ஃபெராரி அவமதித்தார், அந்தக் கோபத்தில்தான் கார் கம்பெனி தொடங்கினார் என்று ஒரு கதை உண்டு. ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள். கதை எப்படியோ, 1963-ல் சாந்த் அகாத்தா பொலோனீஸே என்ற சின்ன ஊரில் கார் தொழிற்சாலை தொடங்கியது உண்மை. அடுத்த வருடமே 350 ஜி.டி. என்ற கார் விற்பனைக்கு வந்தது. ஜோட்டோ பிட்சாரினி வடிவமைத்த 12 சிலிண்டர் இன்ஜின்தான் அதன் இதயம்.

லம்போர்கினி ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார். பந்தயம் கிடையாது. பந்தயம் என்றால் பணம் தண்ணீராகப் போகும் என்பது அவருக்குத் தெரியும். வியாபாரி அல்லவா?

ஆனால் அவரிடம் வேலை பார்த்தவர்கள் இளைஞர்கள். ஜான் பவுலோ டல்லாரா, பவுலோ ஸ்டான்சானி என்ற இரண்டு பொறியாளர்கள், நியூசிலாந்திலிருந்து வந்த சோதனை ஓட்டுநர் பாப் வாலஸ். 1965-ல் மூவருக்கும் முப்பது வயது ஆகவில்லை. அவர்களுக்குப் பந்தயக் கார் ஆசை. முதலாளி பந்தயத்துக்கு விடமாட்டார். சரி, பந்தயக் கார் மாதிரியே சாலையில் ஓடும் கார் ஒன்று செய்வோம் என்று கிளம்பினார்கள்.

அந்தக் காலத்துச் சாலைக் கார்களில் பெரிய இன்ஜின் முன்னால்தான் இருக்கும். பந்தயக் கார்களில் அது ஓட்டுநருக்குப் பின்னால் போய்விட்டது. எடை நடுவில் இருந்தால் வளைவில் கார் நன்றாகத் திரும்பும். ஆனால் 12 சிலிண்டர் இன்ஜினை நீளவாக்கில் ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால் கார் மிக நீளமாகிவிடும். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார்கள். கியர்பாக்ஸையும் அதே வார்ப்பில் சேர்த்துவிட்டார்கள். 1959-ல் பிரிட்டனில் வந்த மினி என்ற குட்டிக் காரும் குறுக்கு இன்ஜின்தான். ஏழை வீட்டுக் காரின் யுக்தி கோடீஸ்வரர் காருக்குப் போனது இப்படித்தான்.

1965 நவம்பரில் டூரின் கண்காட்சியில் உடல் இல்லாத வெறும் சட்டத்தை மட்டும் காட்சிக்கு வைத்தார்கள். எடை குறைக்க எங்கு பார்த்தாலும் ஓட்டை போட்ட எஃகுத் தகட்டுச் சட்டம், நடுவில் குறுக்காக 4 லிட்டர் இன்ஜின். கூட்டம் அதைத்தான் மொய்த்தது. உடல் செய்யும் பொறுப்பை பெர்டோனே நிறுவனம் ஏற்றது. வரைந்தவர் மார்செல்லோ காண்டினி. அவருக்கும் அப்போது 27 வயதுதான். சில மாதங்களில் வேலை முடிந்து 1966 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் கார் வந்து நின்றது. மூன்றரை அடி உயரம்தான். விளக்குகளைச் சுற்றி கண் இமை போல் கறுப்புக் கம்பிகள். பெயர் மியுரா, ஸ்பெயினில் சண்டைக் காளைகள் வளர்க்கும் புகழ்பெற்ற பண்ணைக் குடும்பத்தின் பெயர். லம்போர்கினியின் ராசி ரிஷபம் என்பதால் கம்பெனியின் சின்னமும் காளைதான்.

350 குதிரைத் திறன், மணிக்கு 270 கி.மீ.க்கு மேல் வேகம். சூப்பர்கார் என்ற வகையே மியுராவிலிருந்துதான் தொடங்குகிறது என்று பலரும் சொல்வார்கள். லம்போர்கினி இதைக் கம்பெனிக்கு ஒரு விளம்பரமாகத்தான் நினைத்தார், கொஞ்சம்தான் விற்கும் என்று எதிர்பார்த்தார் என்பார்கள். ஆனால் ஆர்டர்கள் குவிந்தன. 1968-ல் 370 குதிரைத் திறனுடன் எஸ், 1971-ல் 385 குதிரைத் திறனுடன் எஸ்.வி. என்று வளர்ந்து 1973-ல் உற்பத்தி நின்றபோது மொத்தம் 760-க்குச் சற்று அதிகமான கார்கள் வெளியே போயிருந்தன. அதில் எஸ்.வி. 150 மட்டுமே.

அழகு இருந்தது, ஆயுள் இல்லை

இதுவரை படித்ததும் மியுரா ஏதோ குறையே இல்லாத கார் என்று நினைத்துவிடாதீர்கள். அவசரத்தில் பிறந்த கார் அது. பெட்ரோல் டேங்க் முன்னால் இருந்ததால் பெட்ரோல் குறையக் குறைய முன்பக்கம் லேசாகி, அதிவேகத்தில் தூக்கப் பார்க்கும். ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதை அடுத்து இன்ஜின். சூடும் சத்தமும் உள்ளேயே வரும். பழைய கார்களில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே எண்ணெய். கியர்பாக்ஸில் தேயும் உலோகத் துகள் அந்த எண்ணெயோடு சுற்றிவரும். கடைசியில் வந்த எஸ்.வி. கார்களில்தான் இரண்டையும் பிரித்தார்கள்.

எல்லாவற்றையும் விட மோசம் தீ. அதன் கார்புரேட்டர்கள் பந்தயத்துக்குச் செய்த வகை. பந்தயத்தில் கார் நிற்பதே இல்லை. ஆனால் ஊருக்குள் சிக்னலில் நிற்க வேண்டுமே? அப்படி நிற்கும்போது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும். கிளம்ப ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சில சமயம் பற்றிக்கொள்ளும். இப்படி எரிந்துபோன மியுராக்கள் பல.

மெல்லிய எஃகு என்பதால் துரு இன்னொரு பக்கம். போதாததற்கு உரிமையாளர்கள். எஸ்.வி. வந்ததும் தங்கள் பழைய காரையும் எஸ்.வி. மாதிரி மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. நிறத்தை மாற்றினார்கள், இருக்கையை மாற்றினார்கள். அவர்களுக்கு அது பழைய கார், அவ்வளவுதான். அதைப் பழையபடி வைத்திருக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

ஆக, 760 சொச்சத்தில் எரிந்தது போக, மோதியது போக, துருப்பிடித்தது போக, மாற்றியது போக, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே மிஞ்சியவை மிகக் குறைவு. நாம் படிக்கும் 'அளிப்பு' என்பதன் உண்மையான அர்த்தம் இங்கே புரிகிறது. உற்பத்தி எண்ணிக்கையை வைத்து அளிப்பைக் கணக்கிட முடியாது. விபத்தும் அலட்சியமும் விட்டுவைத்த எண்ணிக்கைதான் அளிப்பு.

செய்தவருக்கு என்ன கிடைத்தது?

எனக்கு மிகவும் உறுத்திய பகுதி இதுதான்.

1970-களின் தொடக்கத்தில் லம்போர்கினியின் டிராக்டர் தொழிலுக்கு அடி விழுந்தது. பொலிவியாவிலிருந்து வந்த பெரிய ஆர்டர் ஒன்று ரத்தானது. அவர் 1972-ல் கார் கம்பெனியின் 51 சதவீதப் பங்கை ஒரு சுவிஸ் தொழிலதிபருக்கு விற்றார். டிராக்டர் கம்பெனியும் வேறொரு இத்தாலிய நிறுவனத்திடம் போனது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் பெட்ரோல் குடிக்கும் கார்களைச் சீந்த ஆள் இல்லை. 1974-ல் மீதிப் பங்குகளையும் விற்றுவிட்டு உம்ப்ரியா பகுதியில் திராட்சைத் தோட்டம் போட்டுப் போய்விட்டார். அங்கே தயாரித்த ஒயினுக்கு 'மியுராவின் ரத்தம்' என்று பெயர் வந்ததாம். பெயரை மட்டும் மறக்கவில்லை மனிதர். 1993-ல் காலமானார்.

கார் கம்பெனி 1978-ல் திவாலானது. பிறகு 1987-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர், 1994-ல் இந்தோனேசிய முதலீட்டாளர்கள் என்று கை மாறி, 1998-ல் ஜெர்மனியின் ஆடியிடம் வந்து சேர்ந்தது.

இதை விலைப் பட்டியலோடு சேர்த்துப் பாருங்கள். ஈரான் ஷாவிடம் இருந்த எஸ்.வி.ஜே. என்ற அபூர்வ மியுராவை 1997-ல் நடிகர் நிக்கோலஸ் கேஜ் ஏலத்தில் எடுத்தது 4,90,000 டாலருக்கு. 2020-ல் லண்டனில் ஒரு எஸ்.வி. 30 லட்சம் பவுண்டைத் தாண்டியது. இந்த விலையில் ஒரு ரூபாய்கூட அதை வடிவமைத்த இளைஞர்களுக்கோ, தகடு அடித்த தொழிலாளிக்கோ போகவில்லை, போகவும் போகாது. 20,000 டாலர் சொச்சத்தோடு அவர்கள் கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகு ஏறிய விலை எல்லாம் காரை வைத்திருந்தவர்களுக்கு. அவர்களிலும் பலர் லாபத்துக்காக வைத்திருக்கவில்லை. விற்க மனம் வராமலோ, பழுது பார்க்கக் காசு இல்லாமலோ, ஷெட்டில் போட்டு மறந்துபோயோ வைத்திருந்தவர்கள்.

அதற்காகப் பழைய கார் வாங்கினால் கோடீஸ்வரன் ஆகலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள் :-) 1980-களின் கடைசியில் பழைய கார் விலைகள் பங்குச் சந்தை மாதிரி ஏறி, 1990-களின் தொடக்கத்தில் தடாலென்று விழுந்தன. உச்சத்தில் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

எதற்கு விலை?

சரி, ஆரம்பக் கேள்விக்கு வருவோம். தூசி படிந்த காருக்கு 11 கோடி ஏன்? புதுப்பித்த கார் இன்னும் அழகாக இருக்குமே?

சேகரிப்பாளர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு: எந்தக் காரும் ஒரு முறைதான் அசலாக இருக்கும். புது பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். 1969-ல் இத்தாலியில் அடித்த பெயின்டை இன்று யாரும் அடிக்க முடியாது. எந்த இடத்தில் தகட்டைக் கையால் தட்டினார்கள், எந்த இடத்தில் பற்றவைப்பு கோணலாகப் போனது, இருக்கையின் தோலைத் தைத்த நூல் எது என்பதெல்லாம் அசல் காரில் மட்டும்தான் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் அது கார் மட்டும் இல்லை, ஒரு ஆவணம். கணக்கியலில் சான்றுச் சீட்டு என்போமே, அது மாதிரி. பேரேட்டை எத்தனை அழகாகத் திருப்பி எழுதினாலும் அசல் சான்றுச் சீட்டுக்கு ஈடாகுமா?

இதற்கு ஒரு அருமையான உதாரணம் இருக்கிறது. 1969-ல் வெளிவந்த 'தி இத்தாலியன் ஜாப்' என்ற ஆங்கிலப் படம் ஒரு ஆரஞ்சு நிற மியுரா ஆல்ப்ஸ் மலைப்பாதையில் போவதோடு தொடங்கும். சுரங்கப் பாதைக்குள் மோதி நொறுங்கிவிடும். உண்மையில் நொறுங்கிக் கிடந்தது ஏற்கெனவே விபத்தில் சிக்கிய வேறொரு மியுரா. ஓடிய கார் புதுக் காராகவே ஒரு வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. எந்தக் கார் அது என்று பல பத்தாண்டுகள் ரசிகர்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

2019-ல் லம்போர்கினியின் போலோ ஸ்டோரிகோ பிரிவு அதை உறுதி செய்தது. பழைய கார்களின் ஆவணங்களைப் பாதுகாக்கவும் சான்றளிக்கவும் 2015-ல் தொடங்கிய பிரிவு அது. சட்ட எண் 3586 என்று கண்டுபிடித்தார்கள். தொழிற்சாலைப் பதிவேடுகளோடு ஒரு பழைய ஊழியரின் நினைவும் கைகொடுத்தது. படப்பிடிப்புக்குக் காரை ஓட்டிப் போனவர் அவர். வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய காரில் வெள்ளைத் தோல் இருக்கைகள். அழுக்காகிவிடுமே என்று அவற்றைக் கழற்றிவிட்டு, சோதனை ஓட்டத்துக்குப் பயன்படுத்தும் கறுப்பு இருக்கைகளை மாட்டினார். ஆனால் தலை சாய்க்கும் பகுதி இருக்கையோடு சேராமல் பின்னால் கண்ணாடித் தடுப்பில் பொருத்தியிருந்தது. அதைக் கழற்ற நேரம் இல்லை. படத்தில் உற்றுப் பார்த்தால் கறுப்பு இருக்கைக்கு மேலே வெள்ளைத் தலையணை தெரியும்!

அவசரத்தில் விட்டுப்போன ஒரு சின்ன விஷயம், 50 வருடம் கழித்து சாட்சி சொல்கிறது. இடையில் யாராவது எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கட்டும் என்று மாற்றியிருந்தால் காரில் அந்தச் சாட்சி இருந்திருக்காது. நன்றாகப் பாதுகாத்த பழைய காருக்குத் தரும் அதிக விலை இந்தச் சாட்சிக்கான விலைதான் என்பது என் முடிவு. ஆனால் சாட்சி மட்டும் போதாது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்கப் பதிவேடு வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் பழசு வெறும் பழசுதான்.

என் சொந்தக் காரணம்

எங்கள் தாத்தாவிடம் ஒரு லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் இருந்தது. இதுவும் இத்தாலி சரக்குதான். இன்னொசென்டி நிறுவனத்தின் படைப்பு, இந்தியாவில் ஏ.பி.ஐ. நிறுவனம் உரிமம் வாங்கித் தயாரித்தது. தாத்தா இறந்த பிறகு வண்டி மாட்டுக்கொட்டகையில் நின்றது. நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் அதைப் பட்டறையில் விட்டு முழுக்கச் சுரண்டி, புது நீல பெயின்ட் அடித்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பாட்டியிடம் பெருமையாகக் காட்டினேன்.

பாட்டி வண்டியைச் சுற்றி வந்தார். பக்கவாட்டு மூடியைத் திறக்கச் சொன்னார். உள்பக்கம் பார்த்துவிட்டு, "இங்க உங்க தாத்தா எழுதி வச்சிருந்தாரேடா, எங்கே?" என்றார்.

தாத்தா ஒவ்வொரு முறை ஆயில் மாற்றியபோதும் தேதியை அந்த மூடியின் உள்பக்கம் ஆணியால் கீறி வைப்பாராம். அப்பா பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போன தேதியும் அதில் உண்டாம். துருவோடு சேர்த்து அதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாகிவிட்டது. பாட்டி திட்டவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வேடிக்கை என்னவென்றால், பெயின்ட் அடித்த பிறகு வண்டிக்கு முன்பை விட அதிக விலை தருவதாக ஒருவர் கேட்டார். சந்தை தப்பு சொல்லவில்லை. அந்தக் கீறல்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் சந்தையில் யாரும் இல்லை, எங்கள் வீட்டில் ஒருவர்தான் இருந்தார். அவரிடம் நான் முன்னாடியே கேட்கவில்லை.

அந்த லண்டன் ஏலச் செய்தியைப் படித்தபோது, தூசிக்கா இத்தனை கோடி என்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூசியைத் துடைக்காமல் கொண்டுவந்தவர்களின் நிதானம்தான் கண்ணில் பட்டது.

உங்கள் வீட்டிலும் பழைய சைக்கிளோ, தையல் மெஷினோ, ரேடியோவோ, தராசோ இருக்கலாம். கோடியெல்லாம் வராது, ஆயிரம் வந்தாலே அதிசயம். ஆனாலும் பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.